தஞ்சாவூர் பேரை வாங்கிக்கிட்ட ஒரு வாடலும், டால்க் பவுடரில் வந்த பாக்டீரியாவும்

தஞ்சாவூர்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தலையாட்டி பொம்மை, தட்டு, ஓவியம், வீணை. ஊர்ப் பேரைப் பெருமையா ஒட்டிக்கிட்ட சமாச்சாரங்கள் இவை. இதே பேரை ஒட்டிக்கிட்ட இன்னொண்ணும் இருக்கு. அதை எந்தக் கடையிலும் பொட்டலம் கட்டி விக்க மாட்டாங்க. வேளாண்மைப் பாடப்புத்தகத்தில் மட்டும்தான் இருக்கும்: 'தஞ்சாவூர் வாடல் நோய்'. தென்னை மரத்துக்கு வர்ற வியாதி.

"நாங்க திருவாரூர்க்காரங்க, தஞ்சாவூர் நோய்க்கும் எங்களுக்கும் என்ன?"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 1952-ல் திருவாரூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, நாகப்பட்டினம், வேதாரண்யம் எல்லாமே ஒரே தஞ்சாவூர் ஜில்லா. நாகை மாவட்டம் பிரிஞ்சது 1991-ல். திருவாரூர் தனி மாவட்டம் ஆனது 1997 ஜனவரி 1-ல். ஆகவே இந்த நோய்க்குப் பேர் வெச்சபோது நாமளும் அந்தப் பேருக்குள்ளேதான் இருந்தோம். பொம்மைக்குப் பங்கு கேப்போம்னா வியாதிக்கும் பங்கு எடுத்துக்கணும் இல்லையா? :-)

பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காப்பியோ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினத்தை ஒட்டி ஒரு பெரும்புயல் கரை ஏறியது. அடுத்து 1955-லும் ஒண்ணு, ராஜாமடம் பக்கம். எங்க ஊர்ப் பெரியவங்க ரெண்டையும் சேத்துக் குழப்பி 'பெரும்புயல்'னு ஒரே வார்த்தையில் சொல்லிடுவாங்க. 52 புயலுக்கு அப்புறம்தான் கடலோரத் தோப்புகளில் தென்னை மரங்கள் ஒரு தினுசா சாகறதை ஆட்கள் கவனிக்க ஆரம்பிச்சாங்க. புயலில் முறிஞ்சு சாகலை. நல்லா நின்ன மரம் நின்னபடியே சாகுது. மொதல்ல அடிமட்டைகள் மஞ்சளாகித் தொங்கும், மரத்தைச் சுத்திப் பாவாடை கட்டின மாதிரி. குரும்பை கொட்டும். காய்க்கிற காயும் சிறுத்துப் போகும். அப்புறம் தூர்ப் பக்கம் செம்பழுப்பு நிறத்தில் சாறு கசியும். அந்தக் கசிவு மெதுவா மேல ஏறும். தோண்டிப் பாத்தா வேர்கள் அழுகிக் கெடக்கும். கடைசியில், பெரும்பாலும் மழைக்காலத்தில், தூரை ஒட்டி ஒரு காளான் முளைக்கும். குடைக்காளான் இல்லை. அலமாரிப் பலகையை மரத்தில் சொருகின மாதிரி, கெட்டியா, மேல்பக்கம் வார்னிஷ் அடிச்ச மாதிரி பளபளன்னு. அது தலைகாட்டிடுச்சுன்னா மரத்தின் கதை முடிஞ்சதுன்னு வெச்சுக்கலாம். சில மரம் ஆறு மாசத்தில் போயிடும், சிலது நாலஞ்சு வருஷம் இழுத்துக்கிட்டுக் கெடக்கும்.

இங்க ஒரு விஷயத்தைப் பிரிச்சுச் சொல்லிடறேன். 'சாறு வடியுது'ன்னு சொன்னதும் எல்லாமே தஞ்சாவூர் வாடல் இல்லை. மரத்தில் வெடிப்பு விட்டு, அந்த வெடிப்பு வழியா வடியற 'சாறு வடிதல்' வேற நோய், வேற பூஞ்சாணம். நம்ம ஆசாமி தூரில் ஆரம்பிச்சு மேலே போவான். ரெண்டையும் கொழப்பிக்கிட்டு மருந்து வெச்சா பணம்தான் வீண்.

ஆசாமியோட பேர் கேனோடெர்மா. பல வருஷமா 'கேனோடெர்மா லூசிடம்'னு எழுதிட்டு வந்தாங்க. இப்ப மரபணுவைப் பாத்து, அந்தப் பேர் உண்மையில் ஐரோப்பாவில் இருக்கற ஒரு இனத்துக்குத்தான் சேரும், வெப்ப நாடுகளில் அதே பேரில் சொன்னதெல்லாம் வேற வேற இனங்கள்னு பிரிச்சுக்கிட்டிருக்காங்க. நமக்குக் கேனோடெர்மான்னு சொன்னா போதும். வேடிக்கை என்னன்னா, இதோட பங்காளி ஒண்ணைத்தான் சீனாவிலும் ஜப்பானிலும் ஆயுளைக் கூட்டற மருந்துன்னு பத்திரமா வளக்கறாங்க. கேப்ஸ்யூல் போட்டு, ஒரு டப்பா யானை விலைக்கு நம்மூருக்கே வந்து விக்கறாங்க. தென்னைக்கு எமன், மனுஷனுக்குக் காயகல்பம்!

பேர்தான் தஞ்சாவூரே தவிர, நோய் இங்க பொறந்தது இல்லை. திப்பு சுல்தான் விழுந்த கையோட, 1800-1801-ல் வெல்லெஸ்லி பிரபு உத்தரவில் பிரான்சிஸ் புக்கானன்னு ஒரு டாக்டர் மைசூர், கன்னடம், மலபார் எல்லாம் சுத்திக் கணக்கெடுத்தார். அது 1807-ல் மூணு பாகமா அச்சாச்சு. மைசூர்ப் பக்கத்துப் பாக்கு மரங்களுக்கு வர்ற 'அணபெ ரோகம்' பத்தின செய்தி அந்தக் காலத்திலேயே பதிவாகியிருக்கு. கன்னடத்தில் அணபென்னா காளான். பாருங்க, காளானுக்கும் மரம் சாகறதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நுண்ணோக்கியே இல்லாத பாக்குத் தோட்டக்காரன் பேர் வெச்சே சொல்லிட்டான். நூறு வருஷம் கழிச்சு, 1906 வாக்கில், அன்றைய இந்திய அரசின் பூஞ்சாண நிபுணர் எட்வின் பட்லர் பனைக் குடும்பத்து மரங்களின் நோய்களைப் பத்தி எழுதினபோது இது அறிவியல் கணக்கில் ஏறிச்சு. இதே பட்லர்தான் கோதாவரி டெல்டாவில் பனையும் தென்னையும் குருத்தழுகிச் சாகறதுக்குக் காரணமான கிருமிக்கு 1907-ல் பேர் வெச்சவர்.

அப்ப டெல்டாவில் மட்டும் ஏன் ஐம்பதுகளில் கண்ணுக்குத் தெரிஞ்சது? இதுக்கு என்னோட ஊகம் ஒண்ணு இருக்கு. ஊகம்னே எடுத்துக்கங்க. பழைய டெல்டா, அதாவது திருவாரூர், கும்பகோணம், மாயவரம் பக்கமெல்லாம், களிமண். நெல்லுக்குன்னே அளவெடுத்து வெச்ச மண். தென்னை இருந்தாலும் கொல்லைப்புறத்திலும் வாய்க்கால் கரையிலும் வரப்பிலும் வரிசையா நிக்கும், அவ்வளவுதான். தோப்பா விரிஞ்சது தெக்குப் பக்கம்: முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டியோட கடலோரம், மன்னார்குடியின் தென்கோடி, அதைத் தாண்டினா பட்டுக்கோட்டை, பேராவூரணி. மணலும் செம்மண்ணும் கலந்த நிலம். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிஞ்சு, கல்லணைக் கால்வாயில், அதான் நம்ம ஆளுங்க 'புது ஆறு'ன்னு சொல்றது, தண்ணி விட்டபிறகு ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து வறண்ட காடெல்லாம் சாகுபடிக்கு வந்துச்சு. அப்புறம் பம்ப்செட் வந்துச்சு. தென்னை பெருகிச்சு. கேனோடெர்மாவுக்குப் புடிச்ச நெலம் எதுன்னு கேட்டா நிபுணர்கள் சொல்ற பதில்: கடலோர மணற்பாங்கு, கோடையில் ஈரம் வத்திப்போற தோப்பு, செத்த மரத்தின் தூரை எடுக்காம விட்ட தோப்பு. பத்து வயசிலிருந்து முப்பது வயசு வரைக்குமான மரம் சுலபமா மாட்டும். நாமளே இலை போட்டுப் பரிமாறின கதைதான். புயல் வந்து வேரை அசைச்சு, மரத்தைச் சாச்சு, சோறும் போட்டுட்டுப் போச்சு.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். இது மூணு தலைமுறைக் கதை.

மொதல் தலைமுறை மருந்து போர்டோ கலவை. மயில்துத்தமும் சுண்ணாம்பும். பிரான்சில் போர்டோ பக்கம் திராட்சைக் கொடிக்கு வந்த அடிச்சாம்பல் நோய்க்கு மில்லார்டே 1885-ல் அறிவிச்சது. ஒரு பதினஞ்சு வருஷம் முன்னாடி அது கெடைச்சிருந்தா சிலோன் காப்பித் தோட்டங்களின் கதை வேற மாதிரி போயிருக்குமோ என்னவோ. 1869-ல் அங்க பதிவான காப்பித் துரு நோய் இருபது வருஷத்துக்குள்ள காப்பித் தொழிலையே தொடச்சு எடுத்துட்டு, அந்த மலைகளைத் தேயிலைக்குக் குடுத்துச்சு. அந்தக் காப்பி மலைக்குக் கூலிக்குப் போனவங்களில் நம்ம ஜில்லா ஆளுங்களும் கணிசம். பூஞ்சாணத்துக்கும் நமக்கும் உள்ள உறவு இன்னிக்கு நேத்து வந்தது இல்லைங்கறதுக்காகச் சொன்னேன். சரி, தென்னைக்குப் போர்டோ கலவை எப்படின்னா, ஒரு சதவீதக் கரைசல் நாப்பது லிட்டர், மரத்தைச் சுத்தி மண் நனைய ஊத்தணும். ஒரு மரத்துக்கு நாப்பது லிட்டர்! நூறு மரம் இருந்தா நாலாயிரம் லிட்டர். இதைப் புஸ்தகத்தில் எழுதினவர் தூக்கிப் பாத்திருக்க மாட்டார்.

ரெண்டாம் தலைமுறை, வேர் வழியா மருந்து கட்டறது. இது நம்ம பக்கம் எல்லாருக்கும் பழக்கம். பென்சில் கனத்தில் இளசா உயிரோட இருக்கற வேரா ஒண்ணைத் தோண்டி எடுத்து, நுனியைச் சாய்வா சீவி, மருந்துத் தண்ணி இருக்கற பாலிதீன் பைக்குள்ள விட்டுக் கட்டிடணும். மரம் தானே உறிஞ்சிக்கும். இதில் ரெண்டு மருந்து பிரபலம். ஒண்ணு ட்ரைடிமார்ஃப், கடையில் 'காலிக்ஸின்'னு கேட்டு வாங்குவாங்க. ரெண்டு மில்லியை நூறு மில்லி தண்ணியில் கலந்து கட்டணும். இன்னொண்ணு ஆரியோஃபங்கின் ரெண்டு கிராம், கூடவே மயில்துத்தம் ஒரு கிராம், நூறு மில்லி தண்ணி. மூணு மாசத்துக்கு ஒரு தடவை.

இந்த ஆரியோஃபங்கின் கதை எனக்கு ரொம்பப் புடிச்ச கதை. இது வெளிநாட்டுச் சரக்கு இல்லை. புனே பக்கத்தில் பிம்ப்ரியில் இருக்கற அரசாங்கக் கம்பெனி ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ். அங்க மைசூர்க்காரரான திருமலாச்சார்னு ஒரு பூஞ்சாண விஞ்ஞானி தலைமையில் 1960-களில் கண்டுபிடிச்சாங்க. மனுஷனுக்கு வர்ற பூஞ்சாண நோய்க்கு ஹாமைசின், பயிருக்கு ஆரியோஃபங்கின். எதிலிருந்து எடுத்தாங்க? மண்ணிலிருந்து. ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிரிகள்னு ஒரு கூட்டம் இருக்கு. முதல் மழை பெஞ்சதும் மண்ணிலிருந்து ஒரு வாசனை வருமே, அதுக்குக் காரணமான ஒரு பொருளை உண்டாக்கறதும் இந்தக் கூட்டம்தான். நூல் நூலா வளரும், அதனால ரொம்ப நாள் பூஞ்சாணத்துக்கும் பாக்டீரியாவுக்கும் நடுவில் எங்கேயோ வெச்சிருந்தாங்க. இப்ப சந்தேகமில்லாம பாக்டீரியா. ஆகவே 'ரசாயன மருந்து காலம்'னு நாம நினைக்கற அந்தக் காலத்திலேயே, முத்துப்பேட்டைத் தோப்பில் வேரில் கட்டின பைக்குள்ள இருந்தது ஒரு பாக்டீரியா பூஞ்சாணத்தைக் கொல்ல உண்டாக்கின விஷம்! பாக்டீரியாவை விட்டுட்டு அதோட ஆயுதத்தை மட்டும் எடுத்துக்கிட்டோம். ஆயுதத்துக்குப் பதிலா வீரனையே கூட்டிட்டு வந்தா என்னங்கறதுதான் மூணாம் தலைமுறை.

இந்த யோசனை உலகத்துக்குப் புதுசில்லை. 1932-ல் வைண்ட்லிங்னு ஒருத்தர், ட்ரைக்கோடெர்மாங்கற ஒரு பச்சைப் பூஞ்சாணம் மத்த பூஞ்சாணத்தைச் சுத்தி வளைச்சுத் தின்னுதுன்னு காட்டினார். நம்மூர்க் கடையில் 'விரிடி'ன்னு சொல்றது இதைத்தான். (நிறைய பேர் விரிடியையும் பாக்டீரியான்னு நினைக்கறாங்க. இல்லை, அது முள்ளை முள்ளால் எடுக்கற கேஸ், பூஞ்சாணத்துக்குப் பூஞ்சாணம்.) பாக்டீரியாப் பக்கம் பெரிய திருப்பம் 1980-ல் வந்துச்சு. கலிபோர்னியாவில் க்ளோப்பர், ஷ்ராத் குழு 'நேச்சர்' இதழில் எழுதினது. வேரை ஒட்டி வாழற சூடோமோனாஸ் வகை பாக்டீரியாக்கள், மண்ணில் இருக்கற இரும்புச் சத்தைக் கவ்விப் பிடிக்கிற ஒரு பொருளைச் சுரக்குது. தனக்கு வேண்டிய இரும்பை அது வழியா இழுத்துக்கும். பக்கத்தில் இருக்கற கெட்ட கிருமிக்கு இரும்பு கிடைக்காது, பட்டினி. சண்டையே போடாம, ரேஷன் கடையை மடக்கிப் போட்டே ஜெயிக்கிற டெக்னிக்.

சூடோமோனாஸ் ப்ளோரசன்ஸ்னு பேரில் இருக்கே 'ப்ளோரசன்ஸ்', அது மினுங்கறதைக் குறிக்கறது. ஆய்வுக்கூடத் தட்டில் வளத்து, புறஊதா விளக்கை மேல காட்டினா பச்சையும் மஞ்சளுமா ஜொலிக்கும். அந்த ஜொலிக்கிற சாயம்தான் நான் சொன்ன இரும்பைக் கவ்வுற சரக்கு. அழகும் ஆயுதமும் ஒண்ணே.

பட்டினி போடறது ஒரு வேலை. இன்னும் ரெண்டு வேலை இருக்கு. பூஞ்சாணத்துக்கு ஆகாத பொருட்களைத் தானே சுரக்கும், ஆரியோஃபங்கின் மாதிரி, ஆனா வேரடியிலேயே உக்காந்துக்கிட்டு. மூணாவது வேலைதான் எனக்கு அதிசயம். பாக்டீரியா வேரில் வந்து குடியேறினதும், மரம் 'யாரோ வந்திருக்கான்'னு சுதாரிச்சுக்கிட்டு, தன்னோட தற்காப்புச் சரக்கையெல்லாம் தயார் பண்ண ஆரம்பிக்குது. 1991-ல் வெள்ளரியிலும் கார்னேஷன் பூச்செடியிலும் தனித்தனியா இதை நிரூபிச்சாங்க. வேரில் பாக்டீரியா, ஆனா இலைக்கோ தண்டுக்கோ வர்ற நோய் குறையுது. நல்ல கிருமியைக் காட்டிக் கெட்ட கிருமிக்கு உஷார்படுத்தற வித்தை. அம்மை குத்தற மாதிரின்னு சொன்னா ரொம்பச் சரியில்லை, ஆனா புரியறதுக்கு அதுவே போதும்.

இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம். 'பிஎஃப் 1'னு ஒரு சூடோமோனாஸ் ரகம். இதில் வித்யாசேகரன், முத்தமிழன், சாமியப்பன்னு நம்ம விஞ்ஞானிகள் பேர் திரும்பத் திரும்ப வரும். இவங்க தீர்த்த பிரச்னை பெரிய தத்துவப் பிரச்னை இல்லை, மளிகைக்கடைப் பிரச்னை: உயிரோட இருக்கற பாக்டீரியாவைப் பொட்டலம் கட்டி வெயில் அடிக்கிற ஊருக்கு எப்படி அனுப்பறது? தண்ணியில் அனுப்ப முடியாது, சீக்கிரம் செத்துடும். பதில், டால்க். ஆமாங்க, மூஞ்சிக்குப் போடற பவுடருக்கு மூலப்பொருளான அதே கல்மாவு. ஒரு கிலோ டால்க், காரத்தன்மை சரிபண்ணக் கால்சியம் கார்பனேட் 15 கிராம், ஒட்டிக்கிறதுக்கு சிஎம்சிங்கற பசை 10 கிராம், அதில் பாக்டீரியாக் கரைசல் 400 மில்லி. கலந்து, நிழலில் உலர்த்தி, பையில் போட்டா மாசக்கணக்கில் உயிரோட இருக்கு. 1995-ல் கொண்டைக்கடலை வாடலுக்கு இதை வெச்சு ஒரு கட்டுரை வந்துச்சு, அப்புறம் துவரை வாடல், அப்புறம் நெல்லின் இலையுறைக் கருகல். திருவாரூர் விவசாயிக்குச் சூடோமோனாஸ் அறிமுகம் ஆனது தென்னை வழியா இல்லை, நெல் வழியாத்தான். கிலோ விதைக்குப் பத்து கிராம்னு விதைநேர்த்தி பண்ணுவாங்களே, அதே பவுடர்.

தோட்டப் பயிர்களுக்குப் போனது அடுத்த கட்டம். வால்பாறை மலையில் தேயிலைக்கு வர்ற கொப்புள நோய் 1946-ல்தான் தென்னிந்தியாவுக்குள் வந்துச்சு. அதுக்குக் காலங்காலமாச் செம்பு மருந்துதான். அதில் சூடோமோனாஸைத் தெளிச்சுப் பாத்து, செடியோட தற்காப்பு கூடுதுன்னு 2007-ல் எழுதினாங்க. மிளகு வாடலுக்குக் கோழிக்கோட்டில் இருக்கற நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிலையம் இதே பாதையில் போச்சு. தென்னைக்கு, மன்னார்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில் இருக்கற வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம். வேப்பங்குளம்னா நிறைய பேருக்கு ஒட்டுரகக் கன்னு வாங்கற இடம்னுதான் தெரியும். ஆனா தஞ்சாவூர் வாடலோட ரொம்ப வருஷமா மல்லுக்கட்டினதும் அதே இடம்தான். தென்னை வேருக்குச் சூடோமோனாஸ், விரிடி, கூடவே கைட்டின் கொடுத்துப் பாத்ததில் வேரில் ஃபீனால் பொருட்களும் நோயை எதிர்க்கற நொதிகளும் கூடினதா 2006-ல் ஒரு கட்டுரை வந்திருக்கு. கைட்டின்னா நண்டு, இறால் ஓட்டில் இருக்கற சரக்கு. பூஞ்சாணத்தின் தோலும் அதே கைட்டின்தான். அதைத் தின்னு பழகின பாக்டீரியா பூஞ்சாணத்தின் தோலையும் அரிக்கும்ங்கற கணக்கு. அப்புறம் தென்னையின் வேருக்கு உள்ளேயே குடியிருக்கற பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாக்களைப் பிரிச்சு எடுத்துக் கேனோடெர்மாவோட மோதவிட்டும் பாத்திருக்காங்க. வெளியூர் ஆளைக் கூட்டிட்டு வர்றதை விட உள்ளூர்க்காரனையே காவலுக்கு வெக்கறது புத்திசாலித்தனம்னு எனக்குத் தோணுது.

சிபாரிசு இதுதான்: மரத்துக்கு வருஷம் 200 கிராம் சூடோமோனாஸ், 200 கிராம் விரிடி, 50 கிலோ மக்கின தொழுவுரத்தில் கலந்து வட்டப்பாத்தியில் போடணும். கூட அஞ்சு கிலோ வேப்பம் புண்ணாக்கு. ஊடுபயிரா வாழை வெக்கலாம், சணப்பு விதைச்சு மடக்கி உழலாம். நோய் வந்த மரத்தைச் சுத்தி ரெண்டடி ஆழம், ஒரு அடி அகலத்தில் அகழி வெட்டி வேர்த் தொடர்பை அறுக்கணும். செத்த மரத்தைத் தூரோட, வேரோட எடுத்து எரிக்கணும்.

இனி என் அபிப்பிராயம். பாக்டீரியாவை மருந்துன்னு சொல்லி வித்ததுதான் இந்தக் கதையில் நடந்த கெடுதல். மருந்துன்னா வியாதி வந்தப்புறம் குடுக்கறது. சாறு கசியற மரம், காளான் பூத்த மரம், இதுக்கெல்லாம் ரெண்டு பாக்கெட் பவுடரைக் கொண்டுபோய்க் கொட்டிட்டு "ஒண்ணும் கேக்கலை"ன்னா, எப்படிக் கேக்கும்? தூரின் உள்பக்கம் அழுகி முடிஞ்சப்புறம்தான் வெளியில் சாறே தெரியும். சூடோமோனாஸ் காவல்காரன். திருடன் பீரோவை ஒடச்சப்புறம் காவல்காரனை வேலைக்கு வெச்சு என்ன பிரயோசனம்? நல்லா இருக்கற மரத்துக்கு வருஷா வருஷம் போடணும். நல்லா இருக்கற மரத்துக்குச் செலவு பண்ண யாருக்கு மனசு வருது?

ரெண்டாவது, பொட்டலத்துக்குள்ள உயிர் இருக்கணும். கிராமுக்குப் பத்து கோடின்னு எண்ணிக்கை போட்டிருக்கும் அட்டையில். அது பொட்டலம் கட்டின அன்னிக்கு. மூணு நாலு மாசத்துக்குள்ள, நிழலில் வெச்சிருந்து போட்டாத்தான் அர்த்தம். நம்ம பக்கத்தில் ஒரு உரக்கடையில் (பேர் வேண்டாம்) சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள்ள, யூரியா மூட்டை மேல இந்தப் பொட்டலங்கள் அடுக்கியிருந்ததைப் பாத்தேன். அட்டையில் இருந்த தேதி முந்தின வருஷத்து ஆடி மாசக் கணக்கு. எங்க சித்தப்பா ஒருத்தர் அதில் நாலு கிலோ வாங்கிட்டார். "வெறும் பவுடர்தான் சித்தப்பா இது, பேசாம பூசிக்கலாம்"னு சொன்னேன். முறைச்சார். இன்னொண்ணு, மண்ணில் செம்பு மருந்தை ஊத்தின கையோட இதையும் போடறவங்க இருக்காங்க. ரெட்டைப் பாதுகாப்பாம். பூஞ்சாணத்தைக் கொல்ற செம்பு பாக்டீரியாவை மட்டும் கும்பிட்டு விட்டுடுமா?

மூணாவது, மணல். தொழுவுரம் இல்லாம வெறும் மணலில் கொட்டினா பாக்டீரியா எதைத் தின்னு வாழும்? 50 கிலோ எருங்கறது சும்மா கலக்கறதுக்குச் சொன்னதில்லை, அது கட்டுச்சோறு. ஏக்கருக்கு எழுபது மரம்னு வெச்சுக்கங்க. சூடோமோனாஸ் 14 கிலோ, விரிடி 14 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 350 கிலோ, தொழுவுரம் மூணரை டன். பவுடர் செலவு பெரிசில்லை. மூணரை டன் எருவுக்கு மாடு எங்கே? டிராக்டர் வந்தப்புறம் டெல்டாவில் உழவு மாடு குறைஞ்ச கதை உங்களுக்கே தெரியும். பாக்டீரியா ஜெயிக்கிறதும் தோக்கறதும் ஆய்வுக்கூடத்தைவிட மாட்டுக்கொட்டகையில்தான் முடிவாகுதுன்னு நினைக்கறேன்.

இப்ப 2018-க்கு வருவோம். அந்த வருஷம் ஆகஸ்டில் மத்திய அரசு தடை பண்ணின பூச்சிக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லிப் பட்டியலில் ட்ரைடிமார்ஃபும் இருந்துச்சு. நம்ம ஆளுங்க காலங்காலமா வேரில் கட்டின காலிக்ஸின் அதோட போச்சு. மூணே மாசம். நவம்பர் 16 விடியக்காலை கஜா. வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் நடுவில் கரை ஏறி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, மன்னார்குடி, பட்டுக்கோட்டை, பேராவூரணின்னு தென்னை எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் தேடிப்போய் அடிச்சுது. லட்சக்கணக்கில் மரம் சாஞ்சுது. பாதி மரம் வேரோட, பாதி மரம் நடுவில் முறிஞ்சு. அரசாங்கம் மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவிச்சுது. அதில் 600 இழப்பீடு, 500 வெட்டி அப்புறப்படுத்த. ஹெக்டேருக்கு 175 மரம்னு வெச்சு 1,92,500 ரூபாய்.

அந்த ஐநூறு ரூபாயைத்தான் நான் கவனிக்கச் சொல்றேன். விழுந்த மரத்தை அறுத்து ஓரம் போட ஒருவேளை அது போதும். தூரைத் தோண்டி வேரோட எடுக்கணும்னா ஜேசிபி வேணும். அன்னிக்கு ஜேசிபி வாடகை என்ன போச்சுன்னு தோப்பு வெச்சிருந்தவங்களைக் கேளுங்க. நான் பாத்த தோப்புகள் பலதில் மரத்தை இடுப்பு உயரத்துக்கு அறுத்துட்டு, தூரை அப்படியே விட்டுட்டு, ரெண்டு தூருக்கு நடுவில் புதுக் கன்னு வெச்சிருந்தாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலை. வீட்டுக்குக் கூரை இல்லாத நேரத்தில் தோப்பில் தூரை யார் தோண்டுவாங்க?

ஆனா மலேசியாவில் நடந்ததைச் சொல்லியே ஆகணும். அங்க எண்ணெய்ப்பனைக்கு வர்ற பெரிய எமனும் கேனோடெர்மாதான். முப்பதுகளில் அதை வயசான மரத்துக்கு வர்ற வியாதி, பெரிசா பயப்பட வேணாம்னுதான் நினைச்சாங்க. அறுபதுகளில் நிலைமை மாறிச்சு. பழைய தென்னந்தோட்டங்களை அழிச்சுட்டு எண்ணெய்ப்பனை வெச்ச இடங்களில் மட்டும் மரங்கள் சின்ன வயசிலேயே, கொத்துக் கொத்தாச் சாக ஆரம்பிச்சுது. நவரத்தினம்னு ஒருத்தர் 1964-ல் இந்த முன்னாள் தென்னந்தோட்டங்களைப் பத்தியே தனியா ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த வருஷம் டர்னர்ங்கறவர், அந்த நிலத்தில் முன்னாடி என்ன பயிர் இருந்துச்சுங்கறதுக்கும் நோய்க்கும் உள்ள சம்பந்தத்தைக் கணக்கெடுத்துக் காட்டினார். மண்ணுக்குள்ள விட்ட பழைய தென்னைத் தூர்தான் பூஞ்சாணத்துக்கு நெல்குதிர். வருஷக்கணக்கா அதில் உக்காந்து சாப்பிட்டுட்டு, புதுக்கன்னின் வேர் வந்து தொட்டதும் அங்கே தாவுது.

கஜாவால நாளைக்கே தஞ்சாவூர் வாடல் பெருகும்னு ஜோசியம் சொல்ல நான் வரலை. மலேசியாவின் எண்ணெய்ப்பனை வேற, நம்ம தென்னை வேற. ஆனா தூர் ரெண்டு இடத்திலும் தூர்தான். இந்த நேரத்தில் பாக்டீரியாவுக்கும் விரிடிக்கும் உண்மையிலேயே ஒரு வேலை இருக்கு. எடுக்க முடியாத தூரைச் சுத்தி அகழி வெட்டி, மேல எருவும் விரிடியும் போட்டு மூடி மக்க வைக்கறது. பக்கத்துக் கன்னுக்குப் பூஞ்சாணம் வந்து சேர்றதுக்கு முன்னாடியே வேரில் சூடோமோனாஸைக் குடியேத்தறது. காலிக்ஸின் காலத்தில் இதுக்கு வாய்ப்பே இல்லை, அது நோய் வந்தப்புறம் கட்டற மருந்து.

கஜாவுக்கு அடுத்த வருஷம், 2019 ஆடியில், எங்க சித்தப்பா முப்பது கன்னு வெச்சார். எல்லாம் பழைய தூருக்கு நடுவில்தான். இப்ப பாளை தள்ளிக் காய்க்க ஆரம்பிச்சாச்சு, போன வெட்டில் தலைக்கு ரெண்டு காய் எனக்கும் வந்துச்சு. பத்து வயசிலிருந்துதான் தஞ்சாவூர் வாடல் சுலபமாப் புடிக்கும்னு மேல எழுதியிருக்கேன் இல்லையா? அந்த முப்பது கன்னுக்கும் பத்து வயசு முடியறது 2029 ஆடியில். அதுவரைக்கும் மரத்துக்கு 200 கிராம் வீதம் வருஷம் ஆறு கிலோ சூடோமோனாஸ். இந்தத் தடவை தகர ஷெட்டுக் கடை வேணாம், தேதி பாத்து நேரா வேப்பங்குளத்திலேயே கேட்டு வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்கேன். எருவுக்குத்தான் மாடு வெச்சிருக்கவங்க யாராவது இருக்காங்களான்னு தேடிக்கிட்டிருக்கோம்.